வட்டத்துக்கு வெளியே ஐந்து நாற்று

எனக்குக் கூட்டங்கள் பிடிக்காது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் வரைந்து கொடுப்பதுதான் என் தொழில். ஆனால் லண்டனில் ஒரு மரம் நட வேண்டுமென்றால் அதற்கு முன் நான்கு கூட்டம் போட்டாக வேண்டும். அதனால் எதை எத்தனை நிமிடம் பேசலாம் என்று அச்சடித்துக்கொண்டுதான் போவேன். பிரசாந்தினி அக்கா சாமி கும்பிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கும்பிடுவாள் என்று என் தங்கைகள் இரண்டு பேரும் கேலி செய்வார்கள். பொய் இல்லை.

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் பழைய கராஜ்களை இடித்துவிட்டு வெறுமனே கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் கவுன்சில் அந்தப் பகுதி மக்களுக்கென்று ஒதுக்கியது. முதல் கூட்டத்துக்கு நான் எழுதிக்கொண்டு போனது, ‘வரவேற்பு: மூன்று நிமிடம்’. லோர்னா அதை இருபத்திரண்டு நிமிடமாக்கினாள்.

லோர்னா அங்கிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கனடாக்காரி என்று சொன்னால் பொறுமையாகத் திருத்துவாள். அந்த நாட்டுக்குக் கனடா என்று பெயர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள் அவளுடைய ஆட்கள். ஆறு இனங்கள் சேர்ந்த ஹோடினோஷோனி என்ற கூட்டமைப்பு. அதில் இவள் மோஹாக் இனம், ஆமைக் குலம். குலம் தாய்வழியாக வருவது. அவளுடைய ஊர் டொராண்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம். டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா முப்பது வருடமாக அந்தப் பக்கத்தால்தான் நயாகராவுக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். அப்படி ஓர் ஊர் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுதான்.

அவர்கள் வழக்கத்தில் எந்தக் கூட்டமும் நன்றி சொல்லாமல் தொடங்காது. ‘வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வாயில் முடிக்கிற நம்முடைய நன்றி இல்லை. முதலில் மனிதர்களுக்கு, பிறகு நிலத்துக்கு, தண்ணீருக்கு, மீன்களுக்கு, உணவுப் பயிர்களுக்கு, மரங்களுக்கு, பறவைகளுக்கு. இப்படிக் கீழிருந்து ஏறிக் காற்று, இடி, சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் என்று போய்ப் படைத்தவரிடம் முடியும். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னபின் அவள் நிறுத்துவாள். இருக்கிற எல்லோரும் ஆமோதித்து, எல்லார் மனமும் ஒன்றான பிறகுதான் அடுத்ததற்குப் போவாள்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஆம் என்பதற்கு ‘ஓம்’ என்றார்கள். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்கார அம்மா ‘யெஸ்’ என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு நன்றி சொல்லி முடித்த லோர்னா என்னைப் பார்த்தபடி நின்றாள். பாவம், அடுத்த வரி மறந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த தியாகராஜா அண்ணை முழங்கையால் இடித்தார்.

“பிள்ளை, நீர் ஓம் சொல்லும் வரைக்கும் அவ அப்பிடியே நிக்கப்போறா.”

“நேரம் போகுது அண்ணை.”

“அப்ப உமக்கும் சேத்து நான் சொல்லிவிடுறன்,” என்று உரக்க ஓர் ‘ஓம்’ போட்டார்.

தியாகராஜா அண்ணை தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நிலத்தின் கேற்றுத் திறப்பு, அதாவது சாவி, அவரிடம்தான். வேலையைத் தேடித் தேடிச் செய்கிற மனிதர்; சும்மா இருக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும்.

அன்றைக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஊஞ்சல், சிலை, காப்பிக் கடை. லோர்னா மட்டும் என்ன கட்டுவது என்று சொல்லவில்லை. யார் எங்கே உட்காருவது என்று சொன்னாள். அவள் பேசியது ஆங்கிலத்தில். நான் என் தமிழில் தருகிறேன்.

“எங்கள் ஊர்க்கூட்டம் நடக்கும் நீளவீட்டில் இரண்டு பக்கமும் ஆட்கள் எதிரெதிரே இருப்பார்கள். ஒரு பக்கம் சொல்வதை மறுபக்கம் கேட்டு, யோசித்து, திருப்பிச் சொல்லும். நடுவில் நெருப்பு. இங்கே நெருப்பு வைக்கக் கவுன்சில் விடாது. நடுவில் சாப்பாட்டை வளர்ப்போம்.”

சோளம், பீன்ஸ் என்கிற போஞ்சி, பூசணி மூன்றையும் அவர்கள் மூன்று சகோதரிகள் என்பார்கள். வரிசையாக நடுவதில்லை. மண்ணை மேடாகக் குவித்து மூன்றையும் ஒன்றாக நடுவார்கள். சோளம் நிமிர்ந்து நிற்கும், போஞ்சி அதில் ஏறும், பூசணி கீழே படர்ந்து மண்ணைக் காயாமல் மூடிவைக்கும். கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் மூன்று பெண்கள், நான் மூத்தவள். என்மேல் ஏறாத தங்கை இல்லை.

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. ஒரு மூலையில் வெண்டியும் பயிற்றங்காயும் போட இடம் கேட்டு வாங்கிக்கொண்டு தியாகராஜா அண்ணையும் சாய்ந்தார்.

நான் மிகவும் பெருமையோடு முதல் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசலில், சினிமாவில் பார்த்த மாதிரி, கூர்மையாக ஒரு தோல் கூடாரம் வரைந்திருந்தேன். லோர்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு நினைவிடம் கட்டி, வாசலில் தாஜ்மகால் வைத்தால் உனக்கு எப்படி இருக்கும்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அங்கேயே கூடாரத்தை அழித்தேன். கடைசியில் ஒரு வட்டம். அதற்குள் ஒன்பது மேடுகள். இரு பக்கமும் எதிரெதிரே வளைந்த இருக்கைகள். நான் அதுவரை வரைந்ததில் அழகான வட்டம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

விதை மாசி மாதம் வந்தது. அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். லோர்னாவின் தாயின் அக்கா, நம் முறையில் பெரியம்மா, அந்த வெள்ளைச் சோளத்தைக் காத்து வருபவர். அவர்கள் முறையிலும் பெரியம்மா இன்னோர் அம்மாதானாம். முந்திய வருடம் அவர் வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் வந்து விதையில் பெரும்பங்கு பூஞ்சணம் பிடித்துவிட்டது. மிஞ்சியதை ஒரே இடத்தில் வைக்கப் பயந்து, பெண் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். லோர்னாவின் பங்கு முறையான பத்திரங்களோடு லண்டனுக்கு வந்தது. என் மாமாவுக்கு விசா கிடைத்ததைவிட அந்தச் சோளத்துக்குச் சீக்கிரம் கிடைத்தது.

“விளைந்ததில் ஒரு பின்னலாவது நான் திருப்பி அனுப்ப வேண்டும்,” என்றாள். காய்ந்த கதிர்களை அவற்றின் மடல்களாலேயே சடைபோலப் பின்னித் தொங்கவிடுவார்களாம். “மற்றவர்களுடையது என்னவாகுமோ தெரியாது. என்னுடையது தவறக் கூடாது.”

சித்திரையில் அவளுடைய சமையலறை யன்னலில் நாற்பத்தொரு நாற்றுகள் வந்தன. மேட்டுக்கு நான்கு வீதம் ஒன்பது மேட்டுக்கு முப்பத்தாறு. மிஞ்சிய ஐந்தை, நடுகிற அன்று, லோர்னா வட்டத்துக்கு வெளியே, கேற்றடியில் நட்டாள். அடுத்த நாள் காலை நான் போய்ப் பார்த்தேன். சக்கர நாற்காலி போகிற வழியில் அரை அடி குறைந்துவிட்டது. அது மட்டும் என்றால் வழியைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம். உண்மை என்னவென்றால், என் வட்டத்துக்குப் பக்கத்தில் அந்த ஐந்தும் கோணல்மாணலாக நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கிக் குப்பைத்தொட்டிக்கு அருகில் வைத்தேன். அவளிடம் சொல்லி வேறு இடம் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் குப்பை லொறி வந்து போயிருந்தது, நாற்றும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. லோர்னாவும் கேட்கவில்லை.

அந்தக் கோடை நல்ல வெயில். சோளம் ஆளுயரம் வந்து, போஞ்சி அதைச் சுற்றி ஏறி, பூசணி நிலத்தை மூடியது. குழந்தைகள் உள்ளே போனால் தலை தெரியாது. மாலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்த இருக்கைகளில் எதிரெதிரே இருந்து கதைத்தார்கள். கவுன்சில் ஆவணி கடைசிச் சனிக்கிழமையைத் திறப்பு விழாவுக்குக் குறித்தது.

விழாவுக்கு முதல் நாள் தியாகராஜா அண்ணை போன் எடுத்தார்.

“பிள்ளை, சோளப் பொத்தியெல்லாம் முத்தப் போகுது. இதுக்கு மேல விட்டா வாயில வைக்கேலாது. சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

எனக்கு மின்னலடித்தது. வருகிறவர்களுக்குத் தோட்டத்தில் விளைந்ததையே கொடுத்தால் எப்படி இருக்கும்! கடையில் வாங்கிய சமோசாவைவிட நூறு மடங்கு மேல்.

“ஓம் அண்ணை, பிடுங்குங்கோ. அவிச்சுக் குடுப்பம்.”

“லோர்னாவைக் கேட்டனீரோ?”

“அவ டியூட்டியில. நான் சொல்லிக்கொள்றன்.”

சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலை மூன்றாம் முறை திருத்திக்கொண்டிருந்தேன். லோர்னா வந்ததும் நன்றி சொல்லும் சடங்குக்கு நான்கு நிமிடம் போட்டிருந்தேன். எங்களுக்குச் சோளம் என்றால் இளசாய்ப் பிடுங்கி அவிப்பது. முற்றவிட்டால் தோட்டக்காரன் சோம்பேறி என்று அர்த்தம். கதிர் செடியிலேயே நின்று, ஐப்பசி வரை காய்ந்து சலசலத்தால்தான் அது விதை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் தேய்த்து அண்ணை பரிமாறினார். கவுன்சிலர் இரண்டு சாப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வேலை முடிந்து, சீருடையோடு லோர்னா வந்தபோது மணி இரண்டேகால்.

அவள் முதலில் வட்டத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் குவிந்திருந்த சக்கைகளைப் பார்த்தாள்.

“எல்லாமா?” என்று கேட்டாள்.

தியாகராஜா அண்ணை ஒரு தட்டோடு ஓடிவந்தார். அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு. “உமக்கெண்டு பெரிசாப் பாத்து ஒண்டு எடுத்து வைச்சனான் பிள்ளை” என்றதை ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார்.

லோர்னா அந்தக் கதிரை வாங்கி, நின்றபடியே, ஒரு மணி விடாமல் சாப்பிட்டாள். அவருக்கு நன்றி சொன்னாள். “நாங்களும் கொஞ்சத்தைப் பச்சையாய்ச் சாப்பிடுவோம். எல்லாவற்றையும் இல்லை,” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் தின்றது பெரியம்மாவின் விதையை. நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் அவள் பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி ஒருவாறு ஆறியிருப்பேன். மன்னிப்புக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, ‘தெரியாமல் நடந்தது’ என்று ஒரு வரிதான் பதில். விஷயம் தெரிந்ததும் தியாகராஜா அண்ணை கேற்றுத் திறப்பை என் வீட்டுக் கடிதப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார். புரட்டாதி முழுக்க நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

ஐப்பசியில், ட்ரெயினில் கொஞ்ச தூரம் போக வேண்டிய குட்மேய்ஸிலிருந்து கனகாம்பிகை அன்ரி கூப்பிட்டார். அவரும் எங்கள் தோட்டக் குழுதான். ஆவணி நடுவில் முழங்கால் ஒப்பரேஷன் செய்துகொண்டு, மகளோடு போய் இருந்துவிட்டு, அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். விழாவுக்கு வரவில்லை, நடந்ததும் தெரியாது.

“பிள்ளை, என்ரை வீட்டுப் பின்வளவு காடாக் கிடக்கு. எனக்குக் குனிய ஏலாது. ஒருக்கா வந்து வெட்டித் தாறீரோ?”

பூங்கா வரைகிறவள் என்றால் புல்லும் வெட்டுவாள் என்ற நினைப்பு! வேறு நாளாயிருந்தால் சாட்டுச் சொல்லியிருப்பேன். அந்த மாதம் யாருக்காவது ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது. பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்ரி சமையலறைக் கதவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எங்கே தொடங்க வேண்டும் என்று கையால் காட்டினார். உடுப்புக் காயப்போடும் கொடிக்கு அப்பால் வாடிய போஞ்சிக்கொடி எதையோ சுற்றி நின்றது. கீழே பூசணி. கொடியை இழுத்து வெட்டப் போனேன். உள்ளே ஏதோ சலசலத்தது. விலக்கிப் பார்த்தேன். காய்ந்து வெளிறிய ஐந்து தண்டுகள். ஒவ்வொரு கதிரிலும் சிவப்பு வெங்காய வலைப்பை கட்டியிருந்தது.

“அன்ரி, இது எங்காலை வந்தது?”

“அதோ? நீங்கள் குப்பையடியில வைச்சிருந்த கண்டுகள். பாவம், வேர் காயுது எண்டு பையுக்க வைச்சு ட்ரெயினில கொண்டு வந்தனான். அணில் தின்னாமப் பையும் கட்டினன். பிறகு காலுக்கு வெட்டுப்பட்டுப் போச்சு, பிடுங்க ஆளில்லை. முத்திப் போச்சு என்ன? எறிஞ்சு விடும்.”

நான் கத்தரிக்கோலைப் புல்லில் போட்டுவிட்டு அங்கேயே இருந்து அழுதேன். அன்ரி பயந்துபோனார். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்து, லோர்னாவுக்குப் போன் எடுத்தேன். பிறகு தியாகராஜா அண்ணைக்கு.

ஒரு மணி நேரத்தில் லோர்னாவும் அண்ணையும் வந்தார்கள். சின்ன மழை தூறிக்கொண்டிருந்தது. லோர்னா கதிர் ஒன்றின் மடலை உரித்துப் பார்த்தாள். ஐந்தே செடி என்றபடியால் மகரந்தம் போதாமல் கதிர் முழுக்க இடைவெளி. பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனாள். அக்கம்பக்கத்தில் யாராவது மஞ்சள் சோளம் போட்டிருந்தால் அதன் மகரந்தம் பட்டு இடையிடையே மஞ்சள் மணி வந்திருக்கும். அப்படி வந்தால் இது பெரியம்மாவின் விதை இல்லை. ஐந்து செடியின் கதிர்களையும் அப்படியே பார்த்து முடித்தாள்.

“எல்லாம் வெள்ளை,” என்றாள்.

தியாகராஜா அண்ணை கைகூப்பினார்.

“லோர்னா, இவற்றைப் பிடுங்கினது நான்தான்,” என்றேன். “வழிக்கு இடைஞ்சல் என்றதுகூட முழு உண்மை இல்லை. என் வட்டம் பிசகுது என்றுதான் பிடுங்கினேன்.”

“எனக்குத் தெரியும். அடுத்த நாளே கேற்றடியில் ஐந்து குழியைப் பார்த்தேன்.”

கதிரைப் பிடுங்குவதற்கு முன் அவள் நன்றி சொல்லத் தொடங்கினாள். கொடியில் அன்ரியின் துவாய் நனைந்துகொண்டிருந்தது. முதலில் மனிதர்கள். எப்போதும் பொதுவாகச் சொல்கிறவள் அன்றைக்குப் பெயர் சொன்னாள். ட்ரெயினில் நாற்றைச் சுமந்துவந்த கனகாம்பிகைக்கு. அவருடைய முழங்காலை வெட்டி அவரைக் கட்டிலில் போட்ட டாக்டருக்கு. பெரிய கதிரை எடுத்துவைத்துக் கொடுத்த தியாகராஜாவுக்கு. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“வட்டத்துக்குள் வைத்தது எல்லாம் போய்விட்டது. இவள் வெளியே எறிந்தது இங்கே நிற்கிறது. பிரசாந்தினிக்கும் நன்றி.”

நிறுத்தினாள். அன்ரி ‘ஓம்’ என்றார். தியாகராஜா அண்ணை ‘ஓம்’ என்றார். மிஞ்சியது நான் மட்டும். இந்த முறை அண்ணை எனக்காகச் சொல்லவில்லை. தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை கொஞ்சம் பலத்தது. லோர்னா அவசரப்படவில்லை. அவள் அன்று முதல் கூட்டத்தில் மறந்துபோய் நிற்கவில்லை, எனக்காகத்தான் நின்றாள் என்பது இவ்வளவு தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. இத்தனைக்குப் பிறகும் நான் இல்லாமல் அவள் அடுத்ததற்குப் போகத் தயாரில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

“ஓம்,” என்றேன்.

அவள் நிலத்துக்குப் போனாள். தண்ணீருக்குப் போனாள். நட்சத்திரங்கள் வரைக்கும் நாங்கள் நாலு பேரும் நனைந்தோம். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு சமையலறையில் வைத்துக் கதிர்களைப் பின்னினார்கள். லோர்னா தொடங்கி வைத்தாள். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் சடை பின்னிய அன்ரி பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். குட்டைப் பின்னல்தான். நடுவதற்குக் கொஞ்ச மணியை எடுத்துவைத்துவிட்டு, பின்னலுக்குப் பத்திரம் வரும்வரை படத்தை அனுப்பினோம். ‘பல்லுப் போயிருக்கிறது. ஆனால் முகம் எங்களுடையது’ என்று பெரியம்மா பதில் எழுதியிருந்தார். லோர்னா அதை மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். தியாகராஜா அண்ணை திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் மடல் காயும் வரை ஒருவரையும் கிட்ட விடமாட்டேன் என்று சபதம் செய்தார். அவர் செய்வார்.

போன வாரம் அடுத்த வருடத்துக்கான வரைபடத்தைக் கவுன்சிலுக்கு அனுப்பினேன். அங்கே பொறியியலாளராக இருக்கிற அபிஷேக், கோயம்புத்தூர்ப் பையன், உடனே கூப்பிட்டான்.

“மேடம், கேட் பக்கத்துல, வட்டத்துக்கு வெளிய அஞ்சு புள்ளி இருக்கே. பாதையையும் வளைச்சிருக்கீங்க. தப்பா வந்திருச்சா?”

“ஓம்,” என்றேன். “பிழையா வந்ததுதான். அழிச்சுப் போடாதேங்கோ.”